கடைசிக் கொக்கி

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்குத் தெருவில் பஞ்சுக்காரர் என்று பெயர். மாடறுக்கும் கூடத்தின் குளிர் அறையில், உரித்துத் தொங்கவிட்ட மாடுகளை ஈரப் பஞ்சால் துடைத்து, எவ்வளவு கிருமி ஒட்டியிருக்கிறது என்று சோதிப்பது அவர் உத்தியோகம். கிருமி கூடினால் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அங்கே வேலை பார்க்கும் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு அணையும்.

போன மாதம் சோதனை இரண்டு முறை தோற்றது. இன்னொரு முறை தோற்றால் பூட்டுத்தான். நான் சும்மா இருப்பேனா? துணி காயப்போடும் சாக்கில் அவர் மனைவியின் வாயைக் கிளறினேன்.

"கடைசிக் கொக்கியில தொங்குறது, பஞ்சு பட்டதும் சிலிர்க்குதாம்க்கா, ஈ உக்காந்த மாதிரி. இவரு பதறிப் பஞ்சைக் கீழ போட்டுட்டு, அதையே எடுத்துத் துடைச்சிருக்காரு. தரை அழுக்குதான் கிருமியாக் காட்டியிருக்கு."

"தோலை உரிச்சப்புறம் சிலிர்க்க என்னடி இருக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அதுக்குக் குளிருது போலங்குறாரு."

அன்றிலிருந்து பஞ்சை உறையோடு அக்குளில் இடுக்கி, சூடாக்கிய பிறகுதான் துடைக்கிறார். அந்தக் கொக்கியில் தினமும் வேறு மாடுதான் தொங்கும். ஆனாலும் சிலிர்ப்பு நின்றுவிட்டது. சோதனையும் ஜெயித்தது. கூடம் பிழைத்த சந்தோஷத்தில் மனிதர் ஒரு சுற்றுப் பெருத்தும்விட்டார்.

நேற்று அவரை வாசலில் மடக்கினேன். "இப்பவும் சிலிர்க்குதா தம்பி?"

"இல்லக்கா, நல்லாப் பழகிடுச்சு" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

துடைத்து முடித்து நகர்ந்தால், தலையில்லாத கழுத்தை அவர் பக்கம் நீட்டுகிறதாம். கொஞ்ச நேரம் சொறிந்து கொடுத்துவிட்டுத்தான் வருகிறாராம்.