அம்மா பார்த்த மழை

“வெள்ளையாத்தான் இருக்கு. ஒண்ணும் வரலடீ,” என்றாள் அம்மா.

“சரி, போனை வை. நீ பேசிட்டிருந்தா அது வராது.”

அம்மாவின் போனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். பேச்சு என்றால் பேச்சு, படம் என்றால் படம். மகள் கூப்பிட்டு விசாரிக்கும் ஒவ்வொரு முறையும், பாதி வழியில் வந்துகொண்டிருக்கும் பக்கம் அப்படியே நின்றுவிடும்.

விசாரிக்காமல் இருக்கவும் மகளால் முடியவில்லை.

எதிர் மேசையில் கத்தரி உதட்டைப் பிதுக்கினார். அந்தச் செய்தித் தளத்தின் பக்கங்கள் சட்டென்று திறக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. கனமாக எதைக் கண்டாலும் வெட்டிவிடுவார். அதனால் வந்த பெயர். காலையிலிருந்து அவர் திரையில் வாசகர்களின் வசவுதான்.

அதில் ஒன்றை உரக்கப் படித்தார். “உங்க பக்கம் திறக்கறதுக்குள்ள சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிட்டேன். வட்டம் சுத்துதே தவிர, செய்தியை இன்னும் காணோம்.”

படித்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

“உன் மழை நல்லாத்தான் பெய்யுது, தாயே. ஆனா ஊரே மூழ்கிக் கிடக்கு.”

மழைக்கோட்டு விளம்பரம் அது. பக்கத்தின் உச்சியில் அகலமாக ஓடும். கொட்டுகிற மழையில் ஒரு பெண் நடந்து வருவாள். கோட்டின் பட்டனைப் போடுவாள். முகத்தை மேலே தூக்கிச் சிரிப்பாள். அவ்வளவுதான். ஆனால் துளிகளை மகள் தனித்தனியாக வரைந்திருந்தாள். கீழே இருக்கும் செய்திகளை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் அந்த மழையின் கனத்துக்கு ஈடாகாது.

இத்தனை நாளும் மற்றவர்கள் வரைந்ததற்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தவள். தானே முழுதாகச் செய்த முதல் விளம்பரம் இதுதான்.

அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் நடையைக் கொடுத்திருந்தாள். இடது தோள் சற்றுத் தாழ்ந்த நடை. முகமும் அம்மாவின் முகம்தான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. தானே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

“அசையாத படமா மாத்திக் கொடு. இப்பவே போட்டுடறேன்,” என்றார் கத்தரி.

“நின்னுபோன மழையை யாருண்ணே பார்ப்பாங்க?”

“ஓடற மழையை மட்டும் யாரு பார்த்தா?”

சுருக்கென்றது. அலுவலகத்தில் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும் படம். இங்கே இருந்துகொண்டு எல்லோரும் ஆகா என்றார்கள்.

அம்மாவுக்குத் தனியாக அனுப்பிவிடலாமே என்று கத்தரி யோசனையும் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஊர் பார்க்கிற இடத்தில் அம்மா பார்க்க வேண்டும். வீட்டுக்குள் காட்டுவதற்கா இத்தனை பாடு?

மதியச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை பொறுக்கிறேன், அப்புறம் தூக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார் கத்தரி. அம்மாவுக்கும் அதுதான் கெடு. துணி ஆலையில் மணி அடித்துவிட்டால் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார வேண்டும். பக்கத்து மிஷின்காரிதான் தளத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். அம்மா சாப்பிடாமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

மகள் மறுபடி கூப்பிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் மேல ஏறும்மா. அங்க சிக்னல் கிடைக்கும்.”

“ஏறிட்டேன். இதுக்கு மேல ஏறணும்னா றெக்கைதான் வேணும்.”

வைத்துவிட்டாள். பல்லைக் கடித்தாள். அந்தப் போனைத் திட்டினாள். சிக்னலைத் திட்டினாள். சிரிக்கும்போது அம்மாவின் இமையில் விழுந்து உடைகிற துளிக்காக மட்டும் ஒரு வாரம் மெனக்கெட்ட தன்னையும் திட்டிக்கொண்டாள். அதைப் பாதியாகக் குறைத்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி கூப்பிடக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

கத்தரி சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தார். நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

கைக்கடியில் போன் அதிர்ந்தது.

“வந்துடுச்சுடீ!” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “நீ போனை வச்சதும் வந்துடுச்சு. இவ்ளோ நேரம் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

மகள் துள்ளி எழுந்தாள். கேட்டுக்கொள்ளுங்கள் என்று கத்தரியைப் பார்த்துக் கை காட்டிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“எப்படிம்மா இருக்கு? சொல்லு, எது பிடிச்சுது?”

“அந்த வட்டம்தான்.”

“எது?”

“அதான்டீ, வெள்ளைத் துணியில சாம்பல் நூல்ல தைச்ச மாதிரி, சின்னதா, நட்ட நடுவுல. சுத்திக்கிட்டே இருக்கே. தையல் எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சிடலாம்னு பாத்தேன். ம்ஹூம். அவ்ளோ சுத்தமா செஞ்சிருக்க.”

அவளுடைய விளம்பரத்தில் வட்டமே கிடையாது.

கத்தரி நிமிர்ந்து பார்த்தார். சிரித்துவிடுவார் என்று பயந்தாள். அவர் சிரிக்கவில்லை. மேசையில் ஏதோ தேடுகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னடீ சத்தத்தையே காணோம்? நீ செஞ்சதுதானே அது?”

“ஆமாம்மா,” என்றாள் மகள். “நான்தான் செஞ்சேன்.”

“முடியற வரைக்கும் பாக்கணும்னுதான் நின்னேன். அது முடியவே மாட்டேங்குது. மணி அடிச்சுட்டாங்க, வச்சிடறேன்.”