மேடம் ரோசலின் பிறந்தநாள் விழா

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பிரான்ஸ் தேசத்தின் திரைத் தாரகை, கானக்குயில் மேடம் ரோசலின் அவர்களின் பிறந்தநாள் விழா இனிதே தொடங்குகிறது."

மைக்கில்தான் அறிவித்தார் மொக்கைச்சாமி. கேட்டுக்கொண்டிருந்த சகலமானவர்கள் மூன்று பேர். காளவாசலில் டயர் கடை மாடியிலிருந்த அவருடைய இன்னிசைக் குழு அலுவலகத்தில் அதற்கு மேல் ஆள் நிற்க இடமில்லை.

சுவரில் சந்தன மாலைக்குள் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். பொன்னிற முடி, வெள்ளைத் தொப்பி. யாராயிருந்தாலும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொட வேண்டும் என்பது குழுவின் சட்டம்.

பாடகி தமிழ்வாணி மட்டும் கும்பிடவில்லை. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. மறுநாள் அலங்காநல்லூர்ப் பக்கம் கோயில் கச்சேரி. வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள்.

"என்னைய விட்ருங்கண்ணே. ஜவுளிக்கடையில சொல்லி வச்சிருக்கேன். இந்தத் தொண்டைக்கு இனிமே சேலை வெலை சொன்னாப் போதும்."

மொக்கைச்சாமி மைக்கை அணைக்காமலே கேட்டார்.

"ஏத்தா, மேடத்துக்கு எங்க ஆபரேஷன் நடந்துச்சு தெரியுமா?"

தெரியாது என்றாள்.

"தொண்டையில. சினிமாவுல உச்சத்துல இருக்கும்போது. இனி அம்புட்டுத்தான்னு பாரிஸே கைய விரிச்சிருச்சு. அந்தம்மா அந்தக் கரகரத்த தொண்டையோட மேடை ஏறிப் பாடுச்சு. கேட்டவன் பூராம் எந்திரிச்சு நின்டான்."

தபேலா சுடலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் கை முறிந்த வருடம் மேடத்துக்கும் கை முறிந்திருந்தது. கீபோர்டு மெர்வினுக்குக் கல்யாணம் நின்றுபோனபோது, மேடத்துக்கு அது மூன்று தடவை நின்றுபோயிருந்தது.

தமிழ்வாணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் சுருதியை இரண்டு கட்டை இறக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். யாரும் எழுந்து நிற்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சாப்பாட்டுப் பந்திக்குத்தான் அந்த மரியாதை. ஆனால், கிளம்பலாம் என்று எழுந்திருந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை பாடச் சொல்லிக் குரல் வந்தது. அடுத்த மாதம் அவனியாபுரத்தில் ஒரு கச்சேரிக்கு, அந்தக் கரகரத்த குரல் பாடகிதான் வேண்டும் என்று கேட்டே ஏற்பாடு செய்தார்கள்.

மேடையில் அவள் பாடும்போது எடுத்த போட்டோவை மேடத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதாக மொக்கைச்சாமி அறிவித்தார், அதையும் மைக்கில். தமிழ்வாணி பிரேம் வாங்கக் கடைக்குப் போனாள்.

கடைச் சுவர் முழுக்கப் பிரேம்கள். சின்னது, பெரியது, தங்கக்கரை போட்டது. அத்தனைக்குள்ளும் வெள்ளைத் தொப்பியோடு மேடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவுங்க மேடம் ரோசலின்தான?"

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது பிரேமோட சும்மா வர்ற படம்க்கா. உருவிப் போட்டுட்டு உங்க போட்டோவ வைங்க."