பகல் நித்திரை

தங்கச்சியைப் புருசன் பூட்டி வைக்கிறான் என்று உம்மா எழுதுவித்து அனுப்பிய கடிதம் பொய்யில்லை என்று நூஹுவுக்குத் தெரிந்துவிட்டது.

பொத்துவிலில் பஸ் ஏறி, கல்முனையில் இறங்கி, நேரே தங்கச்சி வீட்டுக்குத்தான் வந்திருந்தான். அறைக்கதவில் வெளியே ஆமைப்பூட்டு. அதன் முன்னால் நிலத்தில் குந்தி, காதைப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தான் தங்கச்சியின் புருசன் காலிதீன்.

"ஸகியா எங்க?"

"உஸ்... மெதுவாக் கதைங்க மச்சான். உள்ளுக்குத்தான்."

"உள்ளுக்கா? பகல் ரெண்டு மணிக்கு என்ட தங்கச்சியப் பூட்டி வெச்சிரிக்கியா?"

"ரெண்டு கிழமையா லுஹர் தொழுதுட்டு வந்து இதான் செய்யிறன். கொஞ்சம் பொறுங்க, சொல்றன்..."

"என்னத்தச் சொல்லப் போறாய்? சூறாவளியில விழுந்த வீட்ட எங்கட வாப்பா அவளுக்குத் திரும்பக் கட்டிக் குடுத்தது இதுக்கா? அவள்ர வீட்டுக்குள்ளயே அவள அடைச்சு வெச்சி, காவலும் இரிக்கியா?"

ஊரே நல்ல மனிசன் என்று சொன்னதை நம்பித்தான் நூஹு இவனை மாப்பிள்ளை எடுத்தான். காலிதீனின் சட்டைப் பையிலிருந்து திறப்பைப் பறித்தான். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினான்.

அப்படியே நின்றுவிட்டான்.

ஸகியா படுத்திருக்கவில்லை. மூன்று தலையணையைச் சுவரில் சாத்தி, அதில் சாய்ந்து, இருந்தபடியே நித்திரை கொண்டாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு முதல் பார்த்த தங்கச்சியா இது?

கதவுச் சத்தத்தில் அவள் திடுக்கிட்டு எழும்பினாள். இருமல் வந்தது. பிறகு இழுப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் ஊதுகிற மாதிரிச் சத்தம்.

காலிதீன் மச்சானைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினான். அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தான்.

"பதறாத புள்ள. மூக்கால இழு... வாயக் குவிச்சு மெதுவா விடு... இன்னொருக்கா..."

நெடுநேரத்துக்குப் பிறகுதான் மூச்சு வழிக்கு வந்தது.

"ஏன் காக்கா திறந்தீங்க?" அவள் அழுதாள். "பூட்டச் சொன்னது நான்தான்."

"நீயா?"

"மாரி தொடங்கினதில இருந்து ராவெல்லாம் மூச்சு முட்டு. இருந்தபடியே விடியும். நித்திரையில்லாட்டி இந்த முட்டு வருத்தம் இன்னும் கூடும், பகல்லயாவது ரெண்டு மணித்தியாலம் கட்டாயம் நித்திரை கொள்ளோணும் எண்டு டொக்டர் சொல்லிட்டாரு. இவரு கடையப் பூட்டிட்டு வந்து என்ட மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே கதவடியில இரிப்பாரு. கொஞ்சம் மாறினாலும் திறந்துட்டு ஓடி வருவாரு."

"அது சரி. அதுக்குப் பூட்டு எதுக்கு? ஆரு வந்து உன்ன எழுப்பப் போறா?"

காலிதீன் தலையணைகளைத் திரும்பச் சுவரில் சாத்தினான்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வளவிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"மகன், கதவத் திறந்தாச்சா? அவளக் கெதியா வரச்சொல்லு. நீ கொண்டு போறதுக்குப் பலகாரம் சுட மா இடிக்கக் கிடக்கு!"