சோதனை அடி

துறைமுகத்தை நீட்டிக்கக் கடலுக்குள் தூண் இறக்கப்போகிறார்கள். அந்தச் சத்தம் கடலுயிர்களை என்ன செய்யும் என்று ஆராய்ந்து சொல்வது ஜெசிந்தாவின் வேலை. படகிலிருந்து மைக்கை நீருக்குள் இறக்கி ஹெட்போனை மாட்டியதுமே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே ஒரு கடல்பசுக் குட்டி கீச்சிட்டது. தாய் பதில் கொடுத்தது.

"சோதனைக்குத் தூண்ல ஒரு அடி அடிக்கச் சொல்லட்டுமா மேடம்?" என்றார் பக்கத்திலிருந்த துறைமுகப் பொறியாளர் ஆராவமுதன்.

"பொறுங்க சார். தாயும் குட்டியும் பக்கத்துலயே நிக்குது."

வெயில் ஏறியது. அவை நகர்வதாக இல்லை.

"ஒரே ஒரு அடிதான். அதுகூட இல்லாம, சத்தத்தால கெடுதல்னு எதை வச்சு எழுதுவீங்க?"

உண்மைதான். அதுதான் அவளைக் குடைந்தது. கடைசியில் கையை உயர்த்தினாள். தூரத்து மிதவையில் இயந்திரச் சம்மட்டி இறங்க, படகின் அடிப்பலகையே அதிர்ந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தவள், பதறிப்போய் எடுத்து மாட்டிக்கொண்டாள். குட்டி கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது.

"அளவு கிடைச்சிடுச்சுல்ல? கிளம்பலாமே" என்றார் ஆராவமுதன். படகோட்டி மோட்டார் பக்கம் நகர்ந்தார்.

ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றி ஆராவமுதன் காதில் வைத்து அழுத்தினாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"மோட்டாரைப் போட்டுடாதப்பா" என்றார். "தாய் குரல் கொடுத்தா நமக்குக் கேட்காமப் போயிடும்."