கறி இல்லாத அசனம்

"கறியைக் குழி வெட்டிக் கொட்டிருங்க," என்றாள் எப்சி. சர்ச் அசன விருந்துக்கு இந்த வருஷம் சமையல் பொறுப்பு அவளுடையது.

கமிட்டிச் செயலாளர் கிங்ஸ்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பல்லிதானே விழுந்துச்சு? எடுத்துப் போட்டாச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா. ஜெப மணி அடிச்சதும் அண்டாவை மூடாம ஓடுனது யாருன்னு பொறவு பாத்துக்கிடலாம். பந்தியில சின்னப் பிள்ளைங்க உக்காந்திருக்குண்ணே."

"பாளையங்கோட்டையில இருந்தெல்லாம் ஆளு வந்திருக்கு. கறி இல்லாத அசனமான்னு சிரிப்பா சிரிப்பாவ. வண்டி வச்சுக் கிடா கொண்டாந்த நேசையா அண்ணாச்சிக்கு யாரு பதில் சொல்ல?"

"கிடா குடுத்தவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சாம்பார் இருக்கு. ஆரம்பிங்க."

கறி குழிக்குப் போனது. கிங்ஸ்டன் கையைப் பிசைந்தபடி, முதல் பந்தியில் இருந்த நேசையாவிடம் போய்க் குனிந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஒங்க கிடா எல்லாம் மண்ணுக்குப் போயிட்டு. எப்சி ஒத்தக்கால்ல நிக்கா."

"எங் கிடாவா? நான் வண்டிதான வே குடுத்தேன்." நேசையா குரலைத் தாழ்த்தினார். "கிடா அவ வளத்தது. மவன் ஆஸ்பத்திரியில இருந்து பிழைச்சு வந்ததுக்கு நேர்ச்சை. பேரு வெளிய வரக்கூடாதுன்னுட்டா."

கிங்ஸ்டன் திரும்பிப் பார்த்தார். குழியை மூடிவிட்டுக் கையைக் கழுவிய எப்சி, சாம்பார் அண்டாவின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நேரே போய் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலைக்கு வந்தார்.

"இன்னைக்குக் கறி கிடையாது," என்றார், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "அண்டாவை மூடாம ஓடுனது நாந்தான்."