ஒரு பொட்டுக் கருப்பு

கண்ணாடிப் பலகையில் சிவப்பு மையை மறுபடியும் இழைத்து, விரல் நுனியால் தொட்டு மஞ்சள் தாளில் தட்டினான் சுபாஷ்.

மறுபடியும் செங்கல் நிறம்தான் வந்தது.

எதிரே பரசுராமன் நின்றார். வல்லம் வடகாலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்துக்குச் சைக்கிள் மிதித்து வந்தவர். தொண்ணூற்றொன்று ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வருஷம் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டியது. பத்திரிகை எழுத்து இந்த நிறத்தில் வேண்டும் என்று கட்டைவிரல் அகலத்தில் ஒரு பட்டுத் துண்டை நீட்டியிருந்தார்.

நல்ல அரக்குச் சிவப்பு. பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவை போலிருக்கிறது என்று சுபாஷ் நினைத்துக்கொண்டான்.

வெள்ளைத் தாளென்றால் தொல்லையே இல்லை. மஞ்சள் தாளில் எந்தச் சிவப்பும் வெளுத்துச் செங்கலாகித் தொலைக்கும். ஆனால் மஞ்சள் இல்லாமல் கல்யாணப் பத்திரிகையா என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

நீலம் கலந்து பார்த்தான். அழுகின கத்தரிக்காய் மாதிரி வந்தது.

இதற்கு மருந்து கருப்பு ஒன்றுதான். அதையோ அவர் வந்ததும் வராததுமாகத் தடுத்துவிட்டார்.

"நல்ல காரியம் தம்பி. கருப்பு ஒரு பொட்டுகூடப் படக்கூடாது."

காஞ்சிபுரத்தில் இரண்டு அச்சகத்தில் கையை விரித்துவிட்டார்களாம். இவனும் விரித்தால் மனுஷன் உடைந்துபோவார். துணியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவர் டீ குடிக்கப் போனார்.

பில் புத்தகத்துக்கு அடிக்கும் மலிவுக் கருப்பு சிவப்பைச் சாம்பலாக்கிவிடும். உயர்ந்த ரகம் ஒரு டப்பா கடைசித் தட்டில் இருந்தது, ஒரே ஒரு வேலைக்கு வாங்கி மிச்சமானது. மேலே படிந்திருந்த ஆடையைக் கீறி, கத்தி முனையில் அரிசியளவு எடுத்துச் சிவப்பில் இழைத்தான். கல்யாணக் காரியத்தில் பொய் சொல்லப் போகிறோமே என்றிருந்தது.

தட்டினான். அரக்கு வந்து உட்கார்ந்தது.

திரும்பி வந்த பரசுராமன் தாளை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், துணியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்டியே கீதுப்பா. எங்க கல்யாணத்துல அவ கட்டிக்கினு நின்ன பொடவ," என்றார். பிறகு சட்டென்று, "கருப்பு சேக்கலயே?"

சுபாஷ் மை படிந்த விரலைக் கந்தலில் துடைத்தான்.

"இல்லண்ணா."

உள்ளே போய் டப்பாவை அழுத்தி மூடினான். போன மாசியில், மனைவியின் கருமாதிப் பத்திரிகைக்கு நல்ல கருப்பாகப் போடச் சொல்லி, பரசுராமன்தான் அதை வாங்கவைத்தார்.