முன்னவர் வைத்த டேங்க்

பக்கெட்டில் விழுந்த வெந்நீர் செங்கல் கரைத்த நிறத்தில் இருந்தது. அவனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

நாலு வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தான்.

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், மார்பளவு உயரத்துக்கு நின்றது அந்த எஃகு வெந்நீர் டேங்க். மனைவியின் முதல் கணவர் இருந்த காலத்தில் வந்தது. மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. டேங்க் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

மனசுக்குள் அவன் அவரை முன்னவர் என்றுதான் சொல்லிக்கொள்வான். தினமும் காலையில் முன்னவரின் வெந்நீரில்தான் குளித்தாக வேண்டும். எரிச்சலாக இருக்காதா?

கல்யாணமான புதிதில் மாமியார் பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தார். "அந்த மாப்பிள்ளை இருந்தவரைக்கும் இந்த வீட்டுல ஒரு குழாய் சொட்டினதில்ல." இவனுக்கு அது முள்ளாகத் தைத்தது.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் முன்னவரின் கைதான் தெரிந்தது. ஆடாத அலமாரி. கிறீச்சிடாத கதவு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நூல். ஒவ்வொரு குழாய் மூட்டிலும் தண்ணீர் கசியாதபடி வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி, இரட்டை முடிச்சு போட்டு, வால் தெரியாமல் உள்ளே செருகியிருந்தது. பல் தேய்க்கும்போது அந்த முடிச்சு கண்ணில் பட்டாலே வயிறு எரியும்.

இவனோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். அவன் கையாண்ட ஸ்க்ரூக்களில் பெரியதே அரை அரிசி அளவுதான். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? மாமியார் சொன்ன அன்றைக்கே மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டான், இனிமேல் ரிப்பேர் வேலையெல்லாம் என் பொறுப்பு, நீ எதையும் தொடாதே என்று.

சொல்லி என்ன பயன். எதுவும் கெட்டால்தானே.

இன்றைக்குக் கெட்டுவிட்டது. உடனே பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டு வண்டியோடு வரச் சொன்னான். டேங்க் வாசலைத் தாண்டினால் முன்னவரும் தாண்டிவிடுவார் என்று அவன் நம்பினான்.

மனைவியிடம் சொல்லும்போது குரலில் சந்தோஷம் எட்டிப் பார்க்காமல் கவனித்துக்கொண்டான். "துரு ஏறிப்போச்சு. அவர் வாங்கி வச்சது, என்ன பண்றது."

அவள் நேராக டேங்கிடம் போனாள். ஸ்விட்சை அணைத்தாள். தண்ணீர் வரும் வால்வை மூடினாள். டேங்கின் அடிக்குழாயைத் திறந்துவிட்டு, சிவப்பு வண்டல் வடிவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டார்ச்சை அவன் கையில் திணித்துவிட்டு, டேங்கின் தலையில் இருந்த நட்டில் ஸ்பேனரை மாட்டினாள். ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தாள். நட்டு திரும்பியது.

நட்டோடு வெளியே வந்தது வெறும் கம்பி. அங்கங்கே வெள்ளையாகப் பொரிந்து ஒட்டியிருந்தது.

"இதைச் சுத்தி விரல் தடிமனுக்கு ஒரு மெக்னீசியத் தண்டு இருக்கும். தண்ணி முதல்ல அதைத்தான் அரிக்கும். அது தீர்ந்ததுக்கப்புறம்தான் டேங்க்ல கை வைக்கும்."

டார்ச்சை உள்ளே அடிக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாள். சுவரில் சில இடங்களில் மட்டும் கறை. டேங்க் தப்பித்துவிட்டது. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

பரணில் இருந்து காகிதம் சுற்றிய புதுத் தண்டு ஒன்றை எடுத்து வந்தாள். காகிதத்தின் மேல் தூசி அப்பியிருந்தது. தண்டின் கழுத்தில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றினாள். இரட்டை முடிச்சு போட்டாள். பல்லால் கடித்து அறுத்து, வாலை நகத்தால் உள்ளே தள்ளினாள்.

டார்ச் வெளிச்சம் அந்த முடிச்சை விட்டு நகரவில்லை.

"இதெல்லாம் அவர் சொல்லிக் குடுத்ததா?"

"அவரா? ஆணி அடிக்கச் சொன்னா பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போயிடுவார்."

அலமாரி, கதவு, குழாய் என்று ஒவ்வொன்றாக அவனுக்குள் சரிந்தது. செத்த மனிதர் மேல் பொத்திப் பொத்தி வளர்த்த பொறாமையை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? யார் மேலாவது பழியைப் போட்டே ஆக வேண்டும்போல் இருந்தது.

"அப்போ, இத்தனை வருஷமா ஏன் மாத்தாம விட்ட?"

அவள் புதுத் தண்டை டேங்குக்குள் இறக்கி நட்டை இறுக்கினாள்.

"நீங்கதானே எதையும் தொடாதேன்னீங்க. உங்க கையால மாட்டட்டும்னு அந்த மாசமே புதுசு வாங்கி வச்சேன். ஞாபகப்படுத்தினா உங்க முகம் வாடிடும்னு பேசாம இருந்துட்டேன்."

வாசலில் இரும்புக் கடைக்காரரின் வண்டி வந்து நின்றது.

அவன் வாசலுக்குப் போனான். அவரிடம் கொடுப்பதற்கு அவன் கையில் அந்த அரித்துப்போன கம்பி மட்டும்தான் இருந்தது.